கிளட்ச் மாற்றிய இரண்டரை நாள்: செலவு எங்கே போனது

மேடு ஏறும்போதுதான் முதலில் தெரிந்தது. நான்காவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். எஞ்சின் சத்தம் ஏறியது, ஆர்பிஎம் முள் 2,500-லிருந்து 3,400-க்குத் தாவியது, வண்டி மட்டும் பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தது. காலைக் கொஞ்சம் தளர்த்தியதும் முள் மெல்ல இறங்கிப் பழைய இடத்துக்கு வந்தது. மேடு முடிந்து சமதளம் வந்த பிறகு எந்தக் குறையும் இல்லை. ஆனால் வண்டியை நிறுத்தி இறங்கியபோது முன்பக்கத்திலிருந்து ஒரு கருகல் வாடை வந்தது. ரப்பரும் இல்லை, ஆயிலும் இல்லை. கிளட்ச் வாடையை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு அது மறக்காது.

வண்டி 9 வருடப் பழையது, முன்சக்கரம் இழுக்கும் சின்ன பெட்ரோல் கார், கேபிளில் இயங்கும் கிளட்ச். ஓட்டம் 1,14,000 கி.மீ. அதுவரை கிளட்சைத் தொட்டதே இல்லை. இத்தனை கி.மீ. ஓடினால் கிளட்ச் போகும் என்று ஒரு கணக்குச் சொல்ல முடியாது. நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டியில் இரண்டு லட்சம் தாண்டியும் நிற்கும். நெரிசலில் ஹாஃப் கிளட்சிலேயே, அதாவது பெடலைப் பாதி மிதித்தபடியே, ஊர்ந்துகொண்டிருந்தால் அதில் கால்வாசியிலேயே முடிந்துவிடும்.

கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால் கேபிளைப் பார்த்தேன். இதை யாரும் தவிர்க்கக் கூடாது என்று சொல்வேன். எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் உராய்வுத் தட்டுதான் கிளட்ச் பிளேட். அது தேயத் தேய, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் இருக்கும் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் கியர்பாக்ஸ் பக்கம் நகர்ந்து வரும். அதனால் பெடலின் மேல்பகுதியில் இருக்கவேண்டிய வெறும் ஆட்டம் குறைந்துகொண்டே போகும். அது முழுக்க இல்லாமல் போனால், காலை வைக்காமலேயே கிளட்ச் லேசாக மிதிபட்ட நிலையில் இருக்கும். அந்த நிலையில் நல்ல பிளேட்டும் வழுக்கும். கேபிள் நட்டைச் சில சுற்றுத் தளர்த்தினாலே சரியாகிப்போகும் வண்டிகள் உண்டு, பைசா செலவில்லாமல். என் வண்டியில் ஆட்டம் 5 மி.மீ. தான் இருந்தது, மேனுவல் கேட்டது 15-லிருந்து 20. சரிசெய்தேன், ஓட்டிப் பார்த்தேன். ஆள் நடமாட்டம் இல்லாத நேர்சாலையில், நான்காவது கியரில் மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து முழு ஆக்சிலேட்டர். முள் மறுபடி தாவியது. இனிப் பேசி என்ன ஆகப்போகிறது, பிளேட் முடிந்துவிட்டது.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, நான்காவது கியர் போட்டு, கிளட்சை விட்டால் எஞ்சின் உடனே அணைந்துவிட வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டிருந்தால் வழுக்குகிறது என்று அர்த்தம். ஒருமுறைக்கு மேல் இதைச் செய்யாதீர்கள். எஞ்சினின் முழுச் சக்தியும் ஏற்கெனவே தேய்ந்த ஒரு தட்டில் சூடாக மாறுகிறது. அதே காரணத்துக்காகத்தான் வழுக்கத் தொடங்கிய வண்டியை மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது என்கிறேன். பிளேட்டோடு போகவேண்டிய செலவு, அது உரசும் ஃப்ளைவீல் (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) வரைக்கும் போய்விடும்.

சத்தத்தையும் கேட்டு வைத்துக்கொண்டேன். பெடலை அழுத்தும்போது உரசல் சத்தம் வந்தால், டயஃப்ரம் விரல்களைத் தள்ளும் ரிலீஸ் பேரிங். பெடலை விட்டிருக்கும்போது நியூட்ரலில் ஓர் உறுமல் இருந்து, அழுத்தியதும் அது அடங்கினால், பிளேட்டிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டின், அதாவது இன்புட் ஷாஃப்டின் பேரிங். இரண்டாவது என்றால் கியர்பாக்ஸையே பிரிக்கவேண்டி வரும், அது வேறு வேலை, வேறு செலவு. என் வண்டியில் முதல் சத்தம் லேசாக இருந்தது, இரண்டாவது இல்லை. அதுவரை நிம்மதி.

அடுத்து இரண்டு பட்டறைகளில் விலை கேட்டேன். விலை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் கிளட்ச் செட்டின் விலையை 100 என்று வைத்துச் சொல்கிறேன். செட் என்றால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்தது. முதல் பட்டறையில் கூலி மட்டும் 130 கேட்டார்கள். இரண்டாவது இடத்தில் கூலி 90, ஆனால் ‘பிளேட் மட்டும் மாற்றினால் போதும், மற்றது நன்றாகத்தான் இருக்கும்’ என்றார்கள். திறந்து பார்க்காமலே சொன்ன வார்த்தை அது. கிளட்ச் வேலையில் கூலி என்பது பிளேட்டை மாற்றுவதற்கு அல்ல, பிளேட் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கு. பிரஷர் பிளேட்டைக் கழற்றிப் புதிதை மாட்டுவது அரை மணி நேர வேலை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஐந்தாறு மணி நேரம்தான் கூலி. அப்படியிருக்கும்போது பழைய பேரிங்கை உள்ளே விட்டு மூடி, அது ஆறு மாதத்தில் கத்தத் தொடங்கினால் அதே கூலியை முழுசாக இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். பேரிங்கின் விலையோ செட்டில் ஒரு சின்னப் பங்கு.

எனக்குச் சக்கரம், பிரேக், கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் வரைக்கும் வேலை பழக்கம். கியர்பாக்ஸை மட்டும் இறக்கியதில்லை. பட்டறையில் பல வருடம் வேலை பார்த்து இப்போது ஓய்வாக இருக்கும் ஓர் அண்ணன், என்னோடு கூட நிற்கிறேன் என்றார். கியர்பாக்ஸ் ஜாக்கியை வாடகைக்கு எடுத்தேன், பிளேட்டை நடுவில் நிறுத்த சென்டர் பண்ணும் கருவி ஒன்றும், சக்கரத்தின் நடுவில் டிரைவ் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் ஹப் நட்டுக்கு ஒரு பெரிய சாக்கெட்டும் வாங்கினேன். செட் வாங்கும்போது உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து வாங்குங்கள். ஒரே மாடலில் எஞ்சின் மாறினால் பிளேட்டின் விட்டமும், இன்புட் ஷாஃப்டில் கோக்கும் ஸ்ப்ளைன் பல் எண்ணிக்கையும் மாறும். பிரித்துப் போட்ட பிறகு அது தெரிந்தால் வண்டி ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கும்.

முதல் நாள் காலை வண்டி தரையில் நிற்கும்போதே ஹப் நட்டைத் தளர்த்தினோம். 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கியிருக்கும் நட்டு அது. ஸ்டாண்டில் ஏற்றிய வண்டியில் நீளக் குழாயைப் போட்டு அதை இழுப்பது ஆபத்து. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் இழுக்க வேண்டும். நட்டின் உதடு ஷாஃப்டின் பள்ளத்தில் அடித்து மடிக்கப்பட்டிருந்தால், அதை உளியால் முதலில் நிமிர்த்திவிடுங்கள், இல்லையென்றால் மரை போய்விடும். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் உட்கார வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகவேண்டாம். இந்த வேலையில் பாதி நேரம் நெஞ்சுக்கு மேலேதான் வண்டி இருக்கும்.

கியர் ஆயிலை வடிக்கும்முன் அண்ணன் ஒன்று சொன்னார்: “தம்பி, முதல்ல ஊத்துற நட்டைத் திறந்து பாருங்க. அது திறந்தாத்தான் வடிக்கிறதைத் திறக்கணும்.” கேட்கும்போது சின்ன விஷயம். ஆனால் வடித்துவிட்ட பிறகு மேல் பிளக் துருப்பிடித்துத் திறக்காமல் போனால் வண்டியை எந்தப் பட்டறைக்கும் ஓட்டிக்கொண்டு போக முடியாது. மேல் பிளக் திறந்தது. வடிந்த ஆயில் கறுத்திருந்தாலும், வடிபிளக்கின் காந்தத்தில் மெல்லிய மாவு போன்ற தூள் மட்டுமே ஒட்டியிருந்தது. செதிலோ துண்டோ இல்லை. கியர்பாக்ஸ் உள்ளே நலம்.

மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன: ஏர் ஃபில்டர் பெட்டி, பேட்டரி தட்டு, கிளட்ச் கேபிள், இரண்டு கியர் கேபிள்கள், ரிவர்ஸ் லைட் ஒயர், எர்த் ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டார். ஒவ்வொன்றையும் கழற்றும்முன் போனில் படம் எடுத்தேன். கிளட்சை மூடியிருக்கும் கியர்பாக்ஸ் கூட்டின், அதாவது பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. ஒரு அட்டையில் ஹவுசிங்கின் உருவத்தை வரைந்து, எந்த ஓட்டையில் எந்த போல்ட் இருந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைத்தேன். மூன்றாம் நாள் அந்த அட்டை எனக்கு ஒரு மணி நேரமாவது மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கும்.

டிரைவ் ஷாஃப்டைக் கழற்றும்போது ஷாஃப்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள் ஜாயின்ட் அதன் ரப்பர் உறைக்குள்ளேயே பிரிந்துவிடும். ஜாயின்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கடப்பாரை போன்ற லிவரைக் கொடுத்து நெம்பினால், உள்ளே இருக்கும் சின்ன வளையம் விட்டுக்கொடுத்து ஜாயின்ட் சட்டென்று வெளியே வரும். இடது பக்கம் முதல் நெம்பலிலேயே வந்தது. வலது பக்கம் முக்கால் மணி நேரம் எடுத்தது.

பிறகு எஞ்சினின் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கினோம், கியர்பாக்ஸ் மவுண்டைக் கழற்றினோம், கியர்பாக்ஸ் ஜாக்கியைச் சரியாக எடை விழும் இடத்தில் நிறுத்தினோம். என் வண்டியின் கியர்பாக்ஸ் சுமார் 35 கிலோ. இரண்டு பேர் தூக்கிவிடக்கூடிய எடைதான். ஆனால் மல்லாந்து படுத்துக்கொண்டு, கைகளை நீட்டி, கோணம் மாறாமல் பிடிப்பது வேறு. போல்ட் எல்லாம் வந்த பிறகு கியர்பாக்ஸை எஞ்சினிலிருந்து நேராக விலக்கி இழுக்க வேண்டும்; இன்புட் ஷாஃப்ட் பிளேட்டை விட்டு முழுசாக வெளியே வரும்வரை ஒரு நொடிகூட எடையை அதில் தொங்கவிடக் கூடாது. இறங்கி வந்தபோது மாலை ஆகிவிட்டது. ஏழரை மணி நேரம். பழகியவர்கள் மூன்று மணி நேரத்தில் செய்துவிடுவார்கள்.

மறுநாள் காலை நல்ல வெளிச்சத்தில் உள்ளே பார்த்தேன். ஹவுசிங் முழுக்கக் கறுப்புத் தூசி. இதைக் காற்று அடித்து ஊதக் கூடாது. பழைய கிளட்ச் லைனிங்குகளில், அதாவது பிளேட்டின் உரசும் பரப்பில், ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. இல்லாதவற்றின் தூசியும் நுரையீரலுக்கு நல்லதல்ல. முகமூடி போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனரைத் தெளித்து, ஈரமாகவே துடைத்து எடுத்தேன்.

துடைக்கும்போதுதான் கவனித்தேன். தூசி மேல்பகுதியில் மாவு போல உலர்ந்திருந்தது. அடிப்பகுதியில் மட்டும் பிசினாக, விரலில் ஒட்டும்படி இருந்தது.

பிரஷர் பிளேட்டின் ஆறு போல்ட்டுகளையும் எதிரெதிராக, அரை அரைச் சுற்றாகத் தளர்த்தினேன். ஒரே பக்கத்தை முழுக்கத் தளர்த்தினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் மூடியை வளைத்துவிடும். கடைசிப் போல்ட் வந்ததும் பிளேட் கையில் விழுந்தது.

அந்தப் பிளேட்டை மேசையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். புதியது கனத்தில் 8.2 மி.மீ. இருந்தது. இது 6.1. புதிய பிளேட்டில் ரிவெட்டின் தலை லைனிங்குக்குள் ஒரு குழியில் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது, விரலின் நுனி அதில் இறங்குகிறது. பழையதில் ஃப்ளைவீல் பக்கம் ரிவெட் தலைகள் லைனிங்கோடு சமமாகிவிட்டிருந்தன. பல மேனுவல்கள் 0.3 மி.மீ. ஆழமாவது வேண்டும் என்கின்றன. இங்கே அளக்கும் வெர்னியரின் முனையை உள்ளே விட இடமே இல்லை. இரண்டு ரிவெட்டுகள் செப்பு நிறத்தில் பளபளத்தன, அதாவது அவை ஃப்ளைவீலை உரசத் தொடங்கிவிட்டன. ஃப்ளைவீலைப் பார்த்தால் அதற்கு நேராக நகம் சிக்கும் அளவுக்கு இரண்டு வட்டக் கோடுகள். ஆங்காங்கே நீலம் பாரித்த சூட்டுத் தழும்புகள். இன்னும் சில நூறு கி.மீ. ஓட்டியிருந்தால் ஃப்ளைவீலையும் தூக்கிப் போடவேண்டி வந்திருக்கும்.

லைனிங்கின் வெளி விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் கறுப்பாக மினுங்கியது. ஆயில் குடித்த இடம் அது. முகர்ந்தேன். கியர் ஆயிலுக்கு உள்ள கந்தக வாடை இல்லை, எஞ்சின் ஆயில். அப்படியானால் ஒழுகுவது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) அல்ல. எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல், ஃப்ளைவீலுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது.

இரண்டாவது பட்டறையில் விட்டிருந்தால் இந்த இடத்தில் புதுப் பிளேட்டை மாட்டி மூடியிருப்பார்கள். வண்டி கிளம்பும்போது அருமையாக இருந்திருக்கும். கொஞ்ச நாளில் புதுப் பிளேட்டும் ஆயிலைக் குடித்து வழுக்கத் தொடங்கியிருக்கும், அல்லது கிளட்ச் விடும்போது வண்டி நடுங்கியிருக்கும். லைனிங்கில் ஆயில் இறங்கிவிட்டால் எதைப் போட்டுக் கழுவினாலும் முழுசாகப் போகாது. சூடானதும் மறுபடி கசியும். அந்தச் சீலின் விலை, செட்டை 100 என்று வைத்தால், 3. அதை அடைவதற்கான கூலிதான் 130. கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போது இதைப் பார்க்காமல் மூடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

ஃப்ளைவீலைக் கழற்றும்முன் கிராங்கில் அது உட்காரும் நிலையைப் பெயின்டால் குறித்துக்கொண்டேன். சில எஞ்சின்களில் ஒரு போல்ட் ஓட்டை தள்ளி இருக்கும், தவறாக மாட்டவே முடியாது. எல்லாவற்றிலும் அப்படி இல்லை. பல் வளையத்தில் பூட்டு போட்டு, போல்ட்டுகளைத் தளர்த்தினோம். இந்தப் போல்ட்டுகளை ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்று என் மேனுவல் சொன்னது, புதிதாக வாங்கினேன். ஃப்ளைவீலை லேத் பட்டறையில் கொடுத்து முகத்தை 0.3 மி.மீ. எடுத்துச் சமப்படுத்தினேன். என்னுடையது தட்டையான முகம், அதனால் எளிது. பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பு உயரமாக இருக்கும் வகை என்றால் அந்த விளிம்பையும் அதே அளவு எடுக்க வேண்டும், இல்லையென்றால் அழுத்தம் குறைந்துவிடும்.

இது ஒரே இரும்பாக இருக்கும் ஃப்ளைவீலுக்குத்தான். நிறைய டீசல் கார்களிலும் புதிய கார்களிலும் இரட்டை ஃப்ளைவீல் இருக்கிறது, நடுவில் ஸ்பிரிங்குகளோடு இரண்டு பாகம். அதன் ஆட்டத்தையும் சாய்வையும் அளந்து பார்த்து, எல்லை மீறியிருந்தால் மாற்றவேண்டியதுதான். அதன் விலை பல வண்டிகளில் கிளட்ச் செட்டையே தாண்டும். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று விலை கேட்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். செலவுக் கணக்கு அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது.

பழைய சீலை நெம்பி எடுக்கும்போது கிராங்கின் முகத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் முழு வேலையும். சீலின் உதடு உட்கார்ந்த இடத்தில் மெல்லிய தடம் தெரிந்தது, நகத்தில் சிக்கவில்லை. சிக்கியிருந்தால் புது சீலும் ஒழுகும். புது சீலின் உதட்டில் எஞ்சின் ஆயிலைத் தடவி, சீலின் அளவே உள்ள தட்டையான குழாய்த் துண்டை வைத்து, சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டி இறக்கினேன். எனக்கு வந்தது ஸ்பிரிங் வைத்த ரப்பர் உதடு. டெஃப்ளான் உதடு உள்ள சீல்களை ஆயில் இல்லாமல் உலர்வாகவே மாட்டவேண்டும் என்று இருக்கும். கவரில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். கையோடு இன்புட் ஷாஃப்ட் சீலையும் டிரைவ் ஷாஃப்ட் சீல் இரண்டையும் மாற்றினேன். நான்கும் சேர்ந்து 9.

ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கையும் கழற்றிப் பார்த்தேன். உருண்டை முனையில் உட்காரும் குழி உலர்ந்து தேய்ந்திருந்தது, ஆனால் ஓட்டை விழவில்லை. சுத்தம் செய்து கிரீஸ் வைத்தேன். இன்புட் ஷாஃப்ட் பற்களில் மெல்லிய படலமாகக் கிரீஸ். அவ்வளவுதான். தாராளமாக வைத்தால் சுழலும்போது தெறித்து லைனிங்கில் போய் விழும். புதுப் பிளேட்டைக் கையால் ஷாஃப்டில் ஏற்றி முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, வெளியே பிதுங்கிய கிரீஸைத் துடைத்தேன். இப்படி ஏற்றிப் பார்ப்பதில் இன்னொரு லாபம், பற்கள் பொருந்துகின்றனவா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பிளேட்டுக்கு முகம் உண்டு. ஃப்ளைவீல் பக்கம் எது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். என்னுடையதில் ஸ்பிரிங்குகள் துருத்தும் பக்கம் கியர்பாக்ஸைப் பார்த்து இருக்கவேண்டும். திருப்பி மாட்டினால் எல்லாம் பூட்டி முடித்த பிறகு, பெடலை மிதித்தாலும் கிளட்ச் பிரியாது, கியர் விழாது. ஃப்ளைவீல் முகத்தையும் பிரஷர் பிளேட்டின் முகத்தையும் பிரேக் கிளீனரால் துடைத்தேன். புது பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய்ப் படலம் இருக்கும்; அதைத் துடைக்க மறந்துவிடுவது சுலபம். சென்டர் கருவியை நுழைத்து, ஆறு போல்ட்டையும் எதிரெதிராகச் சுற்று சுற்றாக ஏற்றி, டார்க் ரெஞ்சில் 22 நியூட்டன் மீட்டர். கருவி கையால் இழுத்தாலே தடையில்லாமல் வெளியே வந்தது. அந்த அளவில் இரண்டாம் நாள் முடிந்தது.

மூன்றாம் நாள் கியர்பாக்ஸை ஏற்றினோம். ஜாக்கியை உயர்த்தி, கோணத்தைச் சரிபார்த்து, ஷாஃப்ட் நுனியைப் பிளேட்டின் நடுவில் காட்டித் தள்ளினோம். உள்ளே போனது. போய், ஹவுசிங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு நின்றுவிட்டது. ஆட்டினோம், அசைத்தோம், ஃப்ளைவீலைக் கொஞ்சம் திருப்பினோம். அதே ஒரு விரல். தோள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் அட்டையில் நீள போல்ட்டுகள் குத்திக்கொண்டு நின்றன. நான்கு மூலையிலும் போட்டு இறுக்கினால் இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்று தோன்றியது.

“அண்ணே, போல்ட்டைப் போட்டு இழுத்துடலாமா?”

“வேண்டாம் தம்பி. கையால வராததை போல்ட்டால இழுத்தா ஹவுசிங் காது உடையும். இல்லைன்னா புது பிளேட்டோட நடு வளையும். இறக்குங்க, பார்ப்போம்.”

இறக்கினோம். டார்ச் அடித்துப் பார்த்தால் பிளேட் நடுவில்தான் இருந்தது. குறை வேறு இடத்தில். ஹவுசிங்கின் நிலையைக் காட்டும் டோவல் பின் இரண்டில் ஒன்று, பிரிக்கும்போது எஞ்சினிலிருந்து கழன்று கியர்பாக்ஸ் பக்கமே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதுவும் கோணலாக. அதைக் கழற்றி, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, எஞ்சின் பக்கம் நேராக அடித்து உட்கார வைத்தேன். கியர்பாக்ஸை நான்காவது கியரில் போட்டேன், அப்போதுதான் டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இரண்டு பக்கத்தையும் ஒரே திசையில் சேர்த்துத் திருப்பினால் இன்புட் ஷாஃப்டும் திரும்பும். இரண்டாவது முறை ஏற்றி, அந்த ஒரு விரல் இடைவெளி வந்ததும், அண்ணன் இரண்டு பக்கத்தையும் மெல்லத் திருப்ப, நான் தள்ள, பல் பல்லோடு விழுந்து கியர்பாக்ஸ் வழுக்கிக்கொண்டு போய் ‘டொக்’ என்று எஞ்சினோடு ஒட்டியது. சுற்றிலும் இடைவெளி இல்லை. போல்ட்டே போடாமல் அப்படியே நின்றது. அதற்குப் பிறகு போல்ட்டுக்கு வேலை பிடித்துக்கொள்வது மட்டும்தான்.

மீதி எல்லாம் கழற்றியதற்கு நேர் எதிர் வரிசை. புதிய ஹப் நட்டுகள், மேனுவல் சொன்ன அளவுக்கு மேல் பிளக் வழியாகக் கியர் ஆயில். டிரைவ் ஷாஃப்டை உள்ளே தள்ளும்போது வளையம் பூட்டும் சத்தம் கேட்கவேண்டும், பிறகு ஜாயின்டைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்து வராமல் இருக்கவேண்டும். கேபிளை மாட்டியதும் பெடல் பாதி வரை காற்றில் போவது போலப் போனது. புதுப் பிளேட் கனமானது என்பதால் டயஃப்ரம் விரல்கள் எஞ்சின் பக்கம் நகர்ந்துவிட்டன. பழைய தேய்மானத்துக்கு ஏற்பத் தளர்த்தி வைத்திருந்த கேபிளை இப்போது இறுக்க வேண்டும். ஆட்டத்தை 18 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன். எஞ்சினைப் போட்டு, ரிவர்ஸ் கியர். சத்தமில்லாமல் விழுந்தது. கேபிளுக்குப் பதில் திரவத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டி என்றால், இந்த இடத்தில் குழாயிலிருந்து காற்று எடுக்கவேண்டி வரும். சிலிண்டர் ஹவுசிங்குக்குள்ளேயே பேரிங்கோடு சேர்ந்திருக்கும் வகை என்றால், அதையும் செட்டோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒழுகத் தொடங்கினால் கியர்பாக்ஸ் மறுபடி இறங்கவேண்டும்.

செலவைச் சொல்கிறேன். செட் 100. சீல் நான்கும் 9. கியர் ஆயில் 11. ஃப்ளைவீல் லேத் வேலை 10. ஃப்ளைவீல் போல்ட்டும் ஹப் நட்டும் 7. பிரேக் கிளீனர், கிரீஸ் 4. ஜாக்கி வாடகை 8. கருவிகள் 18, ஆனால் அவை இனி என்னிடமே இருக்கும். மொத்தம் 167. முதல் பட்டறை சொன்னது செட்டும் கூலியும் கியர் ஆயிலும் சேர்த்து 241, அதில் சீலும் லேத் வேலையும் கிடையாது. இரண்டு பேர் இரண்டரை நாள் உழைத்ததை நான் கணக்கில் வைக்கவில்லை. அண்ணன் பணம் வாங்க மறுத்துவிட்டார். வாரம் முழுக்க வேலைக்கு வண்டி வேண்டும், பிடித்துத் தாங்க ஆள் இல்லை, ஸ்டாண்ட் இல்லை என்றால் பட்டறையில் கொடுப்பதே சரி. கொடுக்கும்போது பின் சீலையும் ஃப்ளைவீலையும் பார்த்துச் சொல்லுங்கள், பழைய பிளேட்டை எனக்குக் காட்டுங்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இரண்டையும் பார்ப்பதற்கு அவர்கள் தனிக்கூலி கேட்டாலும் கொடுக்கலாம்.

முதல் 500 கி.மீ. நிதானமாக ஓட்டினேன். முழு ஆக்சிலேட்டர் இல்லை, மேட்டில் ஹாஃப் கிளட்சில் நிறுத்துவது இல்லை. முதல் நாள் லேசாக ஒரு வாடை வந்தது, லைனிங் படியும்போது வருவதுதான், அடுத்த நாள் போய்விட்டது. பெடல் இவ்வளவு மிருதுவாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு வருடமாகக் கனத்துக்கொண்டே வந்திருக்கிறது. தினமும் ஓட்டியதால் கால் பழகிவிட்டது, எனக்குத் தெரியவில்லை. கேபிளுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். தேய்ந்த பிளேட்டால் டயஃப்ரம் கோணம் மாறியதுதான் காரணம்.

500 கி.மீ. ஆனதும் அதே மேட்டில், அதே நான்காவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். முள்ளும் வண்டியும் சேர்ந்தே ஏறின. அன்று இரவு பெல் ஹவுசிங்கின் அடி ஓட்டைக்கு நேராக ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து வைத்துவிட்டுப் போனேன். காலையில் காகிதம் அப்படியே வெள்ளையாக இருந்தது.